மனமும் உடலும் சேர்ந்த சிகிச்சை முறைகள்: தொடங்குவது முதல் முடிவெடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்துவிடும். முதுகுவலி மட்டும் போகாது. மாத்திரையில் பிரஷர் கட்டுக்குள் இருக்கும். ஆனால் நடுராத்திரி விழிப்புத் தட்டினால் விடியும்வரை கண் மூடாது. கீமோ சிகிச்சை சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். குமட்டலும் பயமும் ஆளைப் பாதியாக்கிவிடும். இந்த மாதிரி நேரத்தில்தான் பலரும் யோகா, தியானம், அக்குபங்சர், மூலிகை என்று தேட ஆரம்பிக்கிறார்கள். தேடினால் ஆளுக்கொரு யோசனை வந்து குவியும். எதில் தொடங்குவது, எதை எவ்வளவு நாள் செய்து பார்ப்பது, எதைத் தொடவே கூடாது என்பதற்கு ஒரு வரிசை தேவை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். இந்த முறைகளை டாக்டர் தரும் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் நம்புவது வேறு கதை. பரவாத நிலையில் இருந்த மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையை ஒதுக்கிவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இறப்பு ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. 2018-ல் வெளியான ஆய்வு அது. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

படி 1: நோய் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தலைவலிக்குத் தியானம் செய்யலாம். ஆனால் அது என்ன தலைவலி என்று தெரிந்த பிறகுதான். காரணமில்லாமல் எடை குறைவது, இருமலிலோ மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம், நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கம் மரத்துப்போவது, இதுவரை அனுபவித்திராத கடுமையான தலைவலி, முதுகுவலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழப்பது, தற்கொலை எண்ணம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். சோர்வு மட்டும்தான் என்றாலும் ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகைக்கு மூச்சுப் பயிற்சி பதில் சொல்லாது.

படி 2: இந்த முறைகளின் கை எதுவரை எட்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானிக்கலாம். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வருகிறது.

நமக்கு விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும் இயங்கிக்கொண்டிருக்கும் நரம்பு மண்டலத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் ஆபத்துக்கு உடலைத் தயார்ப்படுத்துகின்றன: இதயம் வேகமெடுக்கும், தசை இறுகும், செரிமானம் மந்தமாகும். துணைப்பரிவு நரம்புகள் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. அதில் முக்கியமானது மூளையிலிருந்து இதயம், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பு. இதயத் துடிப்பை நம்மால் நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. ஆனால் மூச்சை மாற்ற முடியும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று கூடுகிறது, விடும்போது குறைகிறது. மனமும் உடலும் சேர்ந்த பயிற்சிகளில் பெரும்பாலானவை மூச்சு, தசை, கவனம் ஆகிய இந்த வாசல்கள் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் இதை அளந்து காட்டினார்: அமைதியாக உட்கார்ந்து ஒரு சொல்லையே மனதில் திரும்பத் திரும்பச் சொன்னால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மூச்சு மெதுவாகிறது.

ஆகவே எந்தத் தொல்லையை நரம்பு மண்டலமே பெரிதுபடுத்துகிறதோ, அங்கே இவற்றுக்குப் பலம் அதிகம். நாள்பட்ட வலி, தூக்கமின்மை, பதற்றம், எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்), குமட்டல், இறுக்கத் தலைவலி எல்லாம் இந்த வகை. கிருமி, கட்டி, அடைபட்ட ரத்தக்குழாய், இன்சுலின் இல்லாமை போன்றவை மூலமாக இருந்தால், இந்த முறைகளால் வேதனையைக் குறைக்க முடியும். நோயைக் குறைக்க முடியாது.

இந்த வேறுபாட்டைக் கண்ணுக்கு நேரே காட்டிய ஆய்வு ஒன்று 2011-ல் வந்தது. ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஒரு முறை உண்மையான இன்ஹேலர், ஒரு முறை மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு முறை போலி அக்குபங்சர் கொடுத்தார்கள். மூன்றிலும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரே அளவுக்கு 'இப்போது பரவாயில்லை' என்றார்கள். நுரையீரல் ஊதும் திறனை அளந்தபோது, உண்மையான மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம். மற்ற இரண்டிலும் சுமார் 7 சதவீதம்தான். நிம்மதி உண்மை. அடைப்பும் உண்மை. ஆஸ்துமாக்காரர் நிம்மதியை மட்டும் நம்பி இன்ஹேலரை ஒதுக்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி, தொல்லை வாரியாக எது பொருந்தும் என்று பார்ப்போம்.

நாள்பட்ட இடுப்பு, முதுகுவலிக்கு அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-ல் தந்த வழிகாட்டுதலில், மாத்திரைக்கு முன் உடற்பயிற்சி, யோகா, தாய் சீ (நின்றபடி மெதுவாகச் செய்யும் சீன உடலசைவுப் பயிற்சி), மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்), அக்குபங்சர் போன்றவற்றை முயலச் சொல்லியிருக்கிறது. வலி பல மாதம் நீடித்தால், காயம் ஆறிய பிறகும் நரம்புகள் எச்சரிக்கையைக் குறைக்காமல் இருப்பது உண்டு. 'வலி உங்கள் மனதில்தான் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் மனம் நோக வேண்டாம். அது தவறான பேச்சு. வலி உண்மையானது, அதைப் பெரிதாக்கும் இடம் நரம்பு மண்டலம்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அதே அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. அதன் சாரம்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் சுமார் 20 நிமிடம் புரண்டதுபோல் தோன்றினால் கட்டிலை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது சாதாரணக் காரியம் செய்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுப்பது. படுக்கும் நேரத்தையே குறைக்கும் பகுதியும் இதில் உண்டு. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் அதைத் தாங்களாக முயலக் கூடாது. தூக்கத்துக்கு எத்தனையோ எண்ணெய்களும் பொடிகளும் விற்கப்படுகின்றன. எழும் நேரத்தை மாற்றாமல் வைப்பதற்கு இணையாக அவற்றில் ஒன்றையும் நான் சொல்ல மாட்டேன்.

பதற்ற நோய்க்கு, 8 வார மனக்கவனப் பயிற்சி பதற்றத்துக்குத் தரப்படும் எஸிடலோபிராம் மாத்திரைக்குக் குறைவில்லாமல் வேலை செய்ததாக 2022-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் நிறுத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எரிச்சல் குடல் நோய்க்குக் குடலை மையமாக வைத்த ஹிப்னோசிஸ் உதவுகிறது. மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல் 1984-ல் தொடங்கி வைத்த வழி இது. வயதானவர்கள் தடுமாறி விழுவதைக் குறைக்கத் தாய் சீ நல்ல தேர்வு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்பக்க மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவது பலருக்கு உதவுகிறது. செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

படி 3: ஒரு தொல்லை, ஒரு பயிற்சி, ஒரு நோட்டு

ஆர்வத்தில் யோகா, மூலிகைக் கஷாயம், புது உணவுமுறை, தியானம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவார்கள். குணமானால் எதனால் என்று தெரியாது; வயிறு கெட்டால் எதனால் என்றும் தெரியாது. ஆகவே இப்போது உங்களை அதிகம் வாட்டும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். 8 வாரம் ஒதுக்குங்கள். ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மனக்கவனப் பயிற்சியும் 8 வாரத் திட்டம்தான். பல ஆய்வுகளும் அந்தக் கால அளவையே எடுத்துக்கொண்டிருப்பதால் உங்கள் பலனை ஒப்பிடவும் வசதி.

பயிற்சியைத் தொடங்கும் முன் முழுதாக ஒரு வாரம் ஒன்றும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். வலியோ பதற்றமோ அதிகமாக இருக்கும் நாளில்தான் எல்லோரும் புது முயற்சியில் இறங்குகிறோம். அந்த உச்சம் தானாகவே இறங்கும். முந்தைய வாரத்தின் கணக்கு கையில் இல்லாவிட்டால், தானாக இறங்கியதையும் பயிற்சியின் பலன் என்றே நினைத்துக்கொள்வோம்.

நோட்டில் இரண்டு கணக்கு இருக்கட்டும். ஒன்று, எப்படி இருக்கிறது: வலி 0 முதல் 10 வரை எத்தனை, தூங்கி எழுந்ததும் தெம்பு எப்படி. இன்னொன்று, எவ்வளவு இருக்கிறது: பிரஷர் அளவு, சுகர் அளவு, ஆஸ்துமாவானால் ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் காட்டும் எண், எத்தனை நிமிடம் உட்காராமல் நடக்க முடிந்தது, வலிமாத்திரை எத்தனை. ஒரு நாள் பதிவு இவ்வளவு போதும்: 'செவ்வாய். வலி 6. நடை 15 நிமிடம், நடுவில் ஒரு முறை உட்கார்ந்தேன். வலிமாத்திரை 1. பயிற்சி காலையில் மட்டும். மதியம் வீட்டில் வாக்குவாதம்.' கடைசி வரிதான் பல சமயம் விஷயத்தை உடைக்கும். சில வாரம் சேர்ந்த பிறகு பார்த்தால் வலி ஏறிய நாட்களுக்கும் அந்த மாதிரி வரிகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

படி 4: மெதுமூச்சு

எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் இதில் தொடங்குங்கள். செலவில்லை, இடம் வேண்டாம், ஆசிரியர்கூட அவசியமில்லை.

நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். இடுப்பில் இறுக்கமான துணி இருந்தால் தளர்த்திவிடுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கு வழியாக இழுக்கும்போது கீழ்க்கை எழும்ப வேண்டும், மேற்கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். மனதுக்குள் நாலு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு சுமார் 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும், காலையும் இரவும்.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலைப் பிரார்த்தனையும் யோக மந்திரமும் சொன்னபோது இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு சுமார் 6 என்ற அளவுக்கே இறங்கியது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் சீரானது. வெவ்வேறு நம்பிக்கைகளில் பிறந்த இரண்டு வழக்கங்கள் உடலை ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. உங்களுக்குப் பழக்கமான பிரார்த்தனையோ பாட்டோ இருந்தால், எண்ணுவதற்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாம்.

முதல் சில நாட்களில் பலரும் தேவைக்கு அதிகமாக ஆழ்ந்து இழுத்துவிடுவார்கள். தலை சுற்றும், விரல் நுனி கூசும். அப்படியானால் ஆழத்தைக் குறையுங்கள். வேகம் குறைந்தால் போதும், அளவு கூட வேண்டியதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பீதித் தாக்குதல் வருபவர்களில் சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பும். அவர்கள் பாதம் தரையில் படும் உணர்வையோ, அறையில் கேட்கும் சத்தத்தையோ கவனிக்கலாம்.

படி 5: தசை தளர்த்தல்

தியானத்தில் உட்கார்ந்தால் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பவர்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் வகுத்த முறை. இறுகியிருக்கும் தசையைத் 'தளர்த்து' என்றால் தளராது. வேண்டுமென்றே இறுக்கிவிட்டுப் பிறகு விட்டால் தளரும்.

படுத்துக்கொள்ளுங்கள். வலது கையை முஷ்டியாக்கி, முக்கால் பலத்தில் 5 விநாடி இறுக்குங்கள். சட்டென்று விடுங்கள். இப்போது 20 விநாடி ஒன்றும் செய்யாமல், கை கனப்பதையும் வெதுவெதுப்பையும் மட்டும் கவனியுங்கள். அடுத்து இடது கை, முன்கைகள், தோள்களைக் காது வரை தூக்கி, நெற்றி, கண்ணை இறுக மூடி, தாடை, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி வாருங்கள். கெண்டைக்காலில் மட்டும் மெதுவாக, பிடித்துக்கொள்ளும். தாடையில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது இங்கே வந்த பிறகுதான் பலருக்கும் தெரியவரும். முழுதாக முடிக்க 15 நிமிடம் ஆகும். வலிக்கும் மூட்டையும் சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்த இடத்தையும் விட்டுவிடுங்கள்.

படி 6: மனக்கவனம், யோகா, தாய் சீ

மனக்கவனப் பயிற்சிக்கு வகுப்பு இருந்தால் நல்லது. செய்யவேண்டியது எளிமையானது: கவனம் எங்கோ போய்விட்டதைக் கண்டுகொண்டு, திட்டாமல் திரும்பக் கொண்டுவருவது. திரும்பக் கொண்டுவரும் அந்தக் கணம்தான் பயிற்சி. மனம் ஓடியது தோல்வி இல்லை. ஆனால் தியானம் எல்லோருக்கும் இதமானது என்று சொல்லிவிட முடியாது. பழைய கொடுமைகளின் நினைவு உள்ளவர்களுக்கும் மனச்சிதைவு வந்தவர்களுக்கும் நீண்ட நேர மௌனத் தியானம் நிலைமையை மோசமாக்கலாம். அவர்கள் மனநல மருத்துவரின் துணையோடு மட்டுமே போகவேண்டும். கண்ணைத் திறந்து வைத்தே, சில நிமிடங்களில் தொடங்கலாம்.

யோகாவில் ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லவேண்டியவை சில உண்டு. கண்ணில் கிளாகோமா இருந்தால் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் கூடாது, கண் அழுத்தம் ஏறும். எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனிவது முதுகெலும்பை நொறுக்கலாம். கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தி வளைக்கும் ஆசிரியரிடம் இருந்து விலகிவிடுங்கள். முழங்கால், இடுப்பு பிரச்சினை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நின்றபடியே மெதுவாகச் செய்யும் தாய் சீ சுலபம். உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவில் வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்கு இணையாகவோ அதைவிடவோ அது உதவியதாக 2018-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது.

படி 7: வாய்வழி உள்ளே போகும் எதையும் மருந்தாகவே நினையுங்கள்

மூச்சும் தசையும் ஒரு பக்கம் இருக்கட்டும். மூலிகை, பொடி, கேப்சூல் முழுக்க வேறு பக்கம். 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்ற நினைப்பு ஆபத்தானது. வேலை செய்யும் பொருள் எதுவும் பக்கவிளைவும் செய்யும். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின், எச்ஐவி மருந்துகள் எல்லாம் ரத்தத்தில் குறைந்துபோகும். ஜின்கோ என்ற மூலிகை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வழி. அதிமதுரத்தை அதிகம் எடுத்தால் பொட்டாசியம் இறங்கி பிரஷர் ஏறும். அஸ்வகந்தா, செறிவான மஞ்சள் கேப்சூல் இரண்டிலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சமையலில் சேர்க்கும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. செறிவூட்டிய மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேன்.

டாக்டரிடம் இதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள், திட்டுவாரோ என்று. பாட்டிலையே கையோடு கொண்டுபோங்கள். 'டாக்டர், இதை இத்தனை நாளாக எடுக்கிறேன். என் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தவேண்டும்?' இந்த இரண்டு கேள்வி போதும். அவர் முகம் சுளித்தாலும் கவலைப்படாதீர்கள். விவரம் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது, அதுதான் முக்கியம். மூக்கைக் கழுவும் நேதி செய்பவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரோ, காய்ச்சி வடித்த நீரோ மட்டும். அரிதானாலும் உயிரைப் பறிக்கும் அமீபா அந்த வழியாக மூளைக்குப் போயிருக்கிறது.

படி 8: சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுப்பது

தகுதிச் சான்றைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவில்லை. அக்குபங்சர் ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். கழுத்தைச் சடக்கென்று திருப்பும் சிகிச்சையில், அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியலாம். எனவே அது வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எல்லா நோய்க்கும் ஒரே சிகிச்சை, நூறு சதவீதம் உத்தரவாதம், முழுப் பணமும் முன்கூட்டியே, இங்கிலீஷ் மருந்தை முதலில் நிறுத்துங்கள்: இந்த நாலில் எது காதில் விழுந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பேச்சை முழுதாகக் கேட்டு, 'இது எனக்கு அப்பாற்பட்டது, டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 9: எட்டு வாரம் முடிந்ததும்

முதல் வாரத்துப் பக்கத்தையும் கடைசி வாரத்துப் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். இரண்டு கணக்கும் முன்னேறியிருந்தால் தொடருங்கள். எப்படி இருக்கிறது என்பது மட்டும் முன்னேறி, எண்கள் அப்படியே இருந்தால், வலியிலும் பதற்றத்திலும் அதுவே பெரிய லாபம், தொடரலாம். சுகர், பிரஷர், ஆஸ்துமாவில் அப்படி இருந்தால் பயிற்சியை விடவேண்டாம், ஆனால் மருந்தில் கை வைக்கவே கூடாது. ஒன்றுமே மாறவில்லை என்றால், உண்மையில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று நோட்டில் எண்ணிப் பாருங்கள். பாதி நாள்கூட இல்லையென்றால் நேரத்தை மாற்றி, பல் துலக்கியதும் என்பதுபோல் ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு கோத்து, மறுபடி தொடங்குங்கள். ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். உங்கள் முயற்சியில் குறை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த மருந்தும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை, பயிற்சியும் அப்படித்தான்.

பிரஷர், சுகர் எண்கள் இறங்கியிருந்தால் நோட்டை டாக்டரிடம் காட்டி மருந்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். குறைப்பது அவர் கையால், படிப்படியாக, இடையிடையே அளந்து பார்த்து நடக்கட்டும். பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றையும் மனநல மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தினால், நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும் அபாயம் உண்டு. குறைக்கும் வாரங்களில் தினமும் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து அதே நோட்டில் எழுதி, அடுத்த முறை போகும்போது கொண்டுபோங்கள்.